ஒளிப் பாடத்துக்கு ஒரு பெட்டி போதும்!

"ஒளி எப்படிச் செல்கிறது?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "நேர்க்கோட்டில் செல்கிறது" என்று ஒரே குரலில் பதில் வரும்.

"அது நேர்க்கோட்டில் போவதை நீ பார்த்திருக்கிறாயா?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள்!

புத்தகத்தில் இருந்தது, மனப்பாடம் செய்தார்கள், சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஒளியைப் பற்றிய பாடம் கண்ணால் பார்க்க வேண்டிய பாடம். அதைக் காதால் மட்டும் கேட்டால், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.

"கருவிகள் வேண்டுமே! அவற்றுக்குப் பணம் வேண்டுமே!" என்று சிலர் சொல்வார்கள். ஒளிப் பாடத்துக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி நம் வீட்டிலேயே கிடக்கின்றன. பழைய அட்டை, கண்ணாடித் துண்டு, மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், தாத்தாவின் மூக்குக் கண்ணாடி. இவை போதும்.

ஆனால் ஒன்று அவசியம் வேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் தயார் செய்து வைக்க வேண்டும். மணி அடித்த பிறகு மெழுகுவர்த்தி தேடினால் பாடம் நடக்காது.

போர் தந்த புத்தகம்

வீட்டுச் சாமானைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிப்பது புதிய யோசனை அல்ல. அதற்கு ஒரு கதை உண்டு.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. பல நாடுகளில் பள்ளிக்கூடங்கள் குண்டுக்கு இரையாகி இருந்தன. ஆசிரியர் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள், பரிசோதனைக் கருவிகள் இல்லை.

அப்போது ஸ்டீபன்சன் என்ற ஆசிரியர் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். இவர் லண்டன் நகரப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தவர். கையில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு கருவிகள் செய்வது எப்படி என்று அந்தப் புத்தகம் சொன்னது. ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ அதை 1948-இல் வெளியிட்டது.

போரில் கருவிகளை இழந்த நாடுகளுக்காக எழுதிய புத்தகம் அது. ஆனால் என்றைக்குமே கருவிகள் இல்லாதிருந்த நாடுகளுக்கும் அது கைகொடுத்தது! அதைப் பெரிதாக விரித்து, 1956-இல் ஒரு முழுப் புத்தகமாகவே யுனெஸ்கோ கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு முயற்சி நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம். இன்று அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். அங்கே 1972-இல் 16 கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகளே பரிசோதனை செய்து, பார்த்ததை எழுதி, முடிவுக்கு வர வேண்டும். அதற்கு மலிவான சாமான்களைப் பெட்டியில் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் பிறகு பல நூறு பள்ளிகளுக்குப் பரவி, 2002 வரை நடந்தது.

கிராமத்துப் பள்ளியிலும் பரிசோதனை நடத்தலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி, நம் ஒளிப் பெட்டியைத் தயார் செய்வோம்.

மூன்று அட்டைகள்

தபால் கார்டு அளவில் மூன்று கெட்டி அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, கோணி ஊசியால் ஒரே குத்தாகத் துளை போடுங்கள். தனித்தனியாகக் குத்தினால் துளைகள் மேலும் கீழுமாகப் போய்விடும்.

ஒவ்வோர் அட்டையையும் களிமண் உருண்டையில் செருகி, வரிசையாக நிறுத்துங்கள். மூன்று துளைகளிலும் ஒரு நூலைக் கோத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் விறைப்பாக நின்றால் துளைகள் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று அர்த்தம். நூலை எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மெழுகுவர்த்தியை ஏற்றி வையுங்கள். மறு பக்கத்திலிருந்து துளை வழியாகப் பார்த்தால் சுடர் தெரியும். இப்போது நடு அட்டையை விரல் அகலம் நகர்த்துங்கள். சுடர் மறைந்துவிடும்! ஒளி வளைந்து வந்து கண்ணைத் தொடவில்லை. "நேர்க்கோட்டில் செல்கிறது" என்பதைப் பிள்ளை இப்போது கண்டுகொண்டது.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மெழுகுவர்த்தி எரிய எரியச் சுடர் கீழே இறங்கும். பத்தாவது பிள்ளை பார்க்க வரும்போது துளைக்கு நேராகச் சுடர் இருக்காது. அதனால் வர்த்திக்கு அடியில் வைத்து உயர்த்த இரண்டு மூன்று மெல்லிய பலகைத் துண்டுகளையும் பெட்டியில் போட்டு வையுங்கள்.

தலைகீழ் மரம்

செருப்புக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்று போதும், ஊசித்துளை காமிரா செய்துவிடலாம்.

பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். ஒரு முனையில் சதுரமாக வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டி, நடுவில் குண்டூசி முனையால் சிறு துளை போடுங்கள். எதிர் முனையில் பெரிய சன்னல் மாதிரி வெட்டி, அங்கே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். அந்தத் தாளில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவினால் திரை தயார்! மூடியைப் போட்டு, இடுக்குகளை எல்லாம் டேப்பினால் அடைத்துவிடுங்கள்.

தலையையும் திரையையும் சேர்த்துக் கறுப்புப் போர்வையால் மூடிக்கொண்டு, வெயிலில் நிற்கும் ஒரு மரத்தின் பக்கம் துளையைத் திருப்புங்கள். திரையில் மரம் தலைகீழாகத் தொங்கும்!

ஏன்? மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி, துளை வழியாக நேராகப் போய்த் திரையின் அடியில் விழுகிறது. வேரின் பக்கத்திலிருந்து வரும் ஒளி திரையின் மேலே விழுகிறது. நேர்க்கோட்டில் போவதால்தான் இந்தத் தலைகீழ் வேலை. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்த அராபிய அறிஞர் இப்னு அல் ஹைதம், துளை வழியாக வரும் ஒளியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் படம் பளிச்சென்று ஆகும், ஆனால் கலங்கிப்போகும். பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் இரண்டு மரங்கள் தெரியும். இதையெல்லாம் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும். துளை கெட்டுப் போனால் புதிய அலுமினியத் தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடித் துண்டுகள்

படத்துக்குச் சட்டம் போடும் கடையிலும் கண்ணாடிக் கடையிலும், வெட்டி மிஞ்சிய முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் கிடைக்கும். உள்ளங்கை அளவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓரங்கள் கத்தியைப் போல இருக்கும். அப்படியே பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஓரங்களைத் தேய்த்து மழுக்க வேண்டும். ஈரமாகத் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்காது. பிறகு நான்கு ஓரத்திலும் டேப் ஒட்ட வேண்டும். நிறுத்தி வைக்க, துணி காயப்போடும் கிளிப் இரண்டு போதும்.

இரண்டு கண்ணாடிகளைப் புத்தகம் போல விரித்து, நடுவில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே 90 பாகை இருந்தால் 3 பிம்பங்கள் தெரியும். 60 பாகை இருந்தால் 5 பிம்பங்கள். கோணம் குறையக் குறையப் புளியங்கொட்டைகள் பெருகும்! எண்ணிப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கும் சேர்ந்து வருகிறது.

தண்ணீர் செய்யும் வேடிக்கை

குழிவான எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு காசை வையுங்கள். காசு நகராதபடி அடியில் ஒரு பொட்டு மெழுகு வைத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது காசு ஓடிவிடும், பரிசோதனை கெட்டுவிடும்.

காசு விளிம்புக்குப் பின்னால் மறையும் வரை பிள்ளை பின்னால் நகர வேண்டும். பிறகு அசையாமல் நிற்க வேண்டும். இன்னொருவர் மெல்லத் தண்ணீர் ஊற்றினால், மறைந்த காசு மேலே எழும்பி வந்ததுபோலத் தெரியும். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் வந்த மயக்கம் இது. கிணறும் குளமும் ஆழம் குறைவாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். நீச்சல் தெரியாமல் குளத்தில் இறங்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் உயிரையே காக்கும்!

தண்ணீரிலேயே வானவில்லும் செய்யலாம். ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடித் துண்டைச் சாய்வாகத் தண்ணீருக்குள் நிறுத்துங்கள். காலை வெயில் சாய்வாக விழும் சன்னலருகே வையுங்கள். தண்ணீர் அலையாமல் நிற்கட்டும். எதிர்ச் சுவரில் வர்ணங்கள் விரியும். சூரியனின் வெள்ளை ஒளிக்குள் பல வர்ணங்கள் இருக்கின்றன என்று பட்டகக் கண்ணாடியை வைத்து நியூட்டன் கண்டறிந்தார். அதை அவர் உலகுக்கு வெளியிட்டது 1672-இல்.

ஆசிரியர் ஒன்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். பாடம் நடக்கும் நேரத்தில் எந்தச் சன்னலில் வெயில் விழுகிறது? முதல் நாள் அதே நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

ஏழு வர்ணம் பூசிய வட்டத்தைப் பம்பரத்தில் ஒட்டிச் சுற்றினால் வெள்ளையாகத் தெரியும் என்று சொல்வார்கள். நாம் செய்து பார்த்தால் சாம்பல் வெள்ளையாகத்தான் தெரியும். நாம் பூசும் சாயங்கள் சூரிய ஒளியின் வர்ணங்களைப் போலச் சுத்தமானவை அல்ல. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "வெள்ளை தெரிகிறது" என்று பொய் சொல்லப் பழக்குவது விஞ்ஞானம் ஆகாது!

தாத்தாவின் கண்ணாடி

லென்ஸ் வாங்கப் பணம் இல்லையா? தாத்தாவிடம் கேளுங்கள்! வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி, நடுவில் தடித்த லென்ஸ்தான். கிட்டப்பார்வைக்குப் போடும் கண்ணாடி இதற்கு உதவாது. அது நடுவில் மெலிந்தது.

சன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில், வெளியே தூரத்தில் நிற்கும் மரமும் வீடும் சுவரில் தலைகீழாக, வர்ணத்தோடு விழும். சுவருக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 100-ஐ அந்தச் சென்டிமீட்டரால் வகுத்தால் கண்ணாடியின் 'பவர்' வந்துவிடும். 50 சென்டிமீட்டர் என்றால் பவர் 2. தாத்தாவின் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை துள்ளிக் குதிக்கும்!

ஒரு துளி பால்

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். இருட்டறையில், வெள்ளை ஒளி தரும் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தால் அங்கே விழும் ஒளி மஞ்சளாக இருக்கும். வானம் நீலமாக இருப்பதும், அந்திச் சூரியன் சிவப்பதும் ஏன் என்பதற்கு இந்த டம்ளரிலேயே விடை இருக்கிறது. சிறு துகள்கள் நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கின்றன.

இந்தச் சிதறலைத் துருவிப் பார்த்துத்தான் ஒரு தமிழர் உலகப் புகழ் பெற்றார். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சர் சி.வி. ராமன் அவர். 1921-இல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார். அது வெறும் வானத்தின் பிரதிபலிப்புத்தானா என்று சோதிக்க, கையில் இருந்த ஒரு சிறு பட்டகமே அவருக்குப் போதுமானதாக இருந்தது!

பிறகு கல்கத்தாவில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து ஆராய்ந்தார். முதல் கட்டச் சோதனைகளில் அவர்களுக்கு விளக்காக இருந்தது சூரியன். சிதறிய ஒளியைப் பார்க்கும் கருவியாக இருந்தது மனிதக் கண். வர்ணக் கண்ணாடிகளால் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். 'ராமன் விளைவு' 1928 பிப்ரவரி 28-இல் வெளிப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் ஒளிப் பெட்டியைத் திறக்க அதைவிட நல்ல நாள் ஏது?

கண் பத்திரம்!

இனி வருவதைத் தாய்மார்களும் ஆசிரியர்களும் இரண்டு முறை படிக்க வேண்டும்.

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒரு நொடியே ஆபத்து. விழித்திரைக்கு வலி தெரியாது. சுடுவது தெரியாமலே கண் கெட்டுவிடும். கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படம், தண்ணீரில் தெரியும் பிம்பம், இவை எதுவும் பத்திரமான வழி அல்ல.

லேசர் டார்ச்சைப் பெட்டியில் சேர்க்காதீர்கள். கண்ணாடித் துண்டால் வெயிலைப் பிறர் முகத்தில் அடிக்கும் விளையாட்டும் வேண்டாம். லென்ஸையும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலையும் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காகிதம் தீப்பற்றிவிடும். மெழுகுவர்த்தி எரியும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். தலைமயிரையும் தாவணியையும் பின்னால் கட்டிக்கொள்ளட்டும்.

அப்படியானால் சூரியனைப் பார்ப்பது எப்படி? சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஊசித்துளை போட்ட அட்டையைத் தோளுக்கு மேலே பிடித்து, சூரியனின் பிம்பத்தை எதிரே உள்ள வெள்ளைத் தாளில் விழ வையுங்கள். பார்க்க வேண்டியது தாளைத்தான். அட்டைக்கும் தாளுக்கும் 2 மீட்டர் தூரம் இருந்தால், ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் வட்டம் விழும்.

18-ஐ 2,000 மில்லிமீட்டரால் வகுத்து, சூரியன் இருக்கும் தூரமான 15 கோடிக் கிலோமீட்டரால் பெருக்குங்கள். 13 லட்சத்து 50 ஆயிரம் கிலோமீட்டர் வரும். சூரியனின் உண்மையான குறுக்களவு ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஓர் அட்டையையும் ஓர் அளவுகோலையும் வைத்துக்கொண்டு, நம் பிள்ளை சூரியனையே அளந்துவிட்டது!

கீற்றுக் கொட்டகைக்குள்ளும் புளியமரத்தடியிலும் தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுகிறதல்லவா? ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம்தான். 2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்படிப்பட்ட வேளையில் மர நிழலில் விழும் வட்டங்களும் வளையங்களாக மாறிவிடும்.

பூட்டிய பீரோ வேண்டாம்

முதல் நாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 40 பிள்ளைகள் என்றால் நான்கு பேருக்கு ஒன்றாகப் பத்துத் தொகுதி சாமான்களை எடுத்து வையுங்கள். தீப்பெட்டி நனைந்திருக்கிறதா, டார்ச்சில் பாட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸையும் கண்ணாடியையும் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். ஒவ்வொரு பரிசோதனையையும் ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள்.

பெட்டிக்குள் ஒரு பட்டியல் ஒட்டுங்கள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளே எண்ணித் திரும்ப வைக்கட்டும்.

கருவி உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில், அதைப் பீரோவில் பூட்டி வைப்பது உண்டு. பயம் நியாயமானதே. அதனால்தான் உடைந்தாலும் நஷ்டமில்லாத சாமான்களைச் சொன்னோம். ஒரு கண்ணாடித் துண்டு உடைந்தால் இன்னொரு துண்டு கிடைக்கும். ஆறாம் வகுப்பில் ஒளியைப் பார்க்காமலே தாண்டிப் போன பிள்ளைக்கு அந்த வருஷம் திரும்பக் கிடைக்காது.

பெற்றோர்களே! பிள்ளை வந்து "அட்டைப் பெட்டி கொடு, கிண்ணம் கொடு" என்று கேட்டால் விரட்டாதீர்கள். கூடவே உட்கார்ந்து துளை போட்டுக் கொடுங்கள். நீங்கள் பள்ளிக்குப் போகாதவராக இருந்தாலும் மரம் தலைகீழாகத் தெரிவதை நீங்களும் பார்க்கலாம்.

2031 மே 21-இல் தென்னிந்தியாவின் சில பகுதிகளில் மறுபடியும் வளையச் சூரிய கிரகணம் தெரியப் போகிறது. அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கவும் வேண்டாம், வெறும் கண்ணால் அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். துளை போட்ட ஓர் அட்டையோடு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளில் விழும் வளையத்தை நம் பிள்ளைகள் ஊருக்கே காட்டட்டும். அதற்கான பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாமே!